சீட்டில் ஆள் இருக்கும்போது

பின்னால் டொக்கென்று கேட்டது. டிரைலரின் அடியில் தொங்கும் தடித்த இரும்பு முளை முன்வண்டியின் வட்டத் தட்டுக்குள் புகுந்து பூட்டிக்கொண்ட சத்தம். அரைகுறையாகப் பூட்டினால் அது வேறு மாதிரி கேட்கும், பல் ஆடுகிறவன் முறுக்கைக் கடிப்பது போல. இது முழுச் சத்தம். கொம்பையா முதல் கியரில் லேசாக முன்னால் இழுத்துப் பார்த்தார். டிரைலர் அசையவில்லை. காற்றுக் குழாய் மாட்டாத டிரைலர் தன் பிரேக்கைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும், கோபித்துக்கொண்ட மாமியார் போல, யார் இழுத்தாலும் வராது. சிவப்புக் குழாயை மாட்டிக் காற்று ஏறினால்தான் இளகும். இளகிய பிறகு மொத்த வண்டியையும் பிடித்து நிறுத்துவது முன்வண்டியின் ஹேண்ட் பிரேக் ஒன்றுதான். கொம்பையாவின் கை டேஷ்போர்டில் இருந்த குமிழுக்குப் போனது, இழுத்தது, திரும்பி வந்து மடியில் உட்கார்ந்துகொண்டது. இழுத்ததா? குமிழைப் பார்த்தார். வெளியே வந்திருந்தது. இழுத்திருக்கிறது. நல்லது. கண்ணாடியைப் பார்த்தார், இடப்பக்கக் கதவைத் திறந்து ஆசீர் இறங்கிக்கொண்டிருந்தான். மறுபடி குமிழைப் பார்த்தார். இழுத்துத்தான் இருக்கிறது. கண்ணை எடுத்தால் போதும், இழுத்தோமா என்று நெஞ்சு கேட்கிறது. கண் பார்த்ததைக் கை நம்பவில்லை, கை செய்தது புத்திக்குத் தெரியவில்லை, மூன்றும் மூன்று வீட்டுப் பிள்ளைகள் போல முறைத்துக்கொண்டு நிற்கின்றன. வெளியே வெயில் உப்பளத்தின் மேல் விழுந்து கண்ணைக் கூசச் செய்தது. யார்டின் தரை உப்பளத்தைப் பார்த்துச் சரிந்திருந்தது. மழைத் தண்ணீர் வடிவதற்கென்று அப்படிக் கட்டியிருக்கிறார்கள். வடிவது தண்ணீர் மட்டும்தானா? கொம்பையா வலதுகாலை மிதி பிரேக்கின் மேல் வைத்துக்கொண்டார்.

அதே யார்டு. கோடையில் நடந்தது, இப்போது ஐப்பசி பிறந்துவிட்டது. அதற்குப் பிறகு டிரைலர் பக்கமே போகாமல் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார், இன்றைக்குத்தான் மறுபடி. அன்றைக்கு இந்த வரிசை இல்லை, அந்தப் பக்கம் சுவரோரம். இடம் நெருக்கடி, நேராகப் பின்னால் வர முடியாது, முன்வண்டி ஒரு பக்கம் கோணிக்கொண்டுதான் பூட்டியது. டொக். பார்ட்னர் தாவீது இறங்கிப் போனான். பதினோரு வருசமாக அவன்தான் இறங்குவான். கொம்பையாவுக்கு வயிறு, முன்வண்டியின் முதுகுக்கும் கண்டெய்னரின் முகத்துக்கும் நடுவில் கிடக்கிற சந்தில் அந்த வயிற்றோடு நுழைந்தால் பிள்ளையாரைக் கொலுப் பெட்டியில் அடைத்தது போல இருக்கும் என்று தாவீதே சொல்லுவான். அவன் ஒடிசல். குழாய்களை மாட்டிவிட்டு, பொரிகடலை மென்றுகொண்டே வந்து ஏறுவான். அன்றைக்கும் ஒரு கை பொரிகடலையை வாயில் போட்டுக்கொண்டுதான் இறங்கினான். அது ஞாபகம் இருக்கிறது. கதவைச் சாத்தும்போது துண்டின் நுனி மாட்டிக்கொண்டது, மறுபடி திறந்து எடுத்துக்கொண்டான். அதுவும் ஞாபகம் இருக்கிறது. கேபினில் ஃபேன் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது, ரேடியோவில் யாரோ இருமல் மருந்துக்கு விளம்பரம் சொல்லிக்கொண்டிருந்தான். இருமல் மருந்தின் பெயரைக்கூடச் சொல்லுவார் கொம்பையா. குமிழை இழுத்தது மட்டும் ஞாபகம் இல்லை. இழுக்காததும் ஞாபகம் இல்லை. எத்தனை ஆயிரம் தடவை இழுத்த குமிழ்? எல்லாத் தடவையும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து ஒரே தடவையாக ஆகிவிட்டது. அந்த ஒன்று எந்த நாளுடையது என்று எப்படிச் சொல்ல? காலையில் வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப் வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வருகிறவன் போல அவரும் அந்த மத்தியானத்துக்குத் திரும்பித் திரும்பிப் போகிறார். போய்ப் பார்த்தால் ஃபேன் ஆடுகிறது, இருமல் மருந்து விற்கிறது, துண்டு மாட்டுகிறது. கை மட்டும் இருட்டில் இருக்கிறது.

ஒரு ஆறுதல் உண்டு. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் சோறு இறங்கியது. சந்துக்குள் நின்றுகொண்டு தாவீது கேட்டான், "போட்டாச்சாவே?" பதினோரு வருசத்தில் ஒருநாளும் கேட்டதில்லை, அன்றைக்குக் கேட்டான். கொம்பையா தலையை வெளியே நீட்டி, "போட்டாச்சு, போட்டாச்சு" என்றார். போடாமல் போட்டாச்சு என்று ஒருவன் சொல்லுவானா? அதுவும் தாவீதிடம்? சொல்லமாட்டான். ஆகவே போட்டிருக்க வேண்டும். ஆனால் வாய் என்ன பெரிய யோக்கியமா? சாப்பிட்டாச்சா என்றால் சாப்பிட்டாச்சு என்கிறது, நல்லா இருக்கியளா என்றால் நல்லா இருக்கோம் என்கிறது. கையைப் போலத்தான் வாயும். அப்படியே போட்டிருந்தால், சிவப்புக் குழாய் மாட்டியதும் வண்டி ஏன் உருண்டது? பிரேக்கில் காற்று கசிந்திருக்கலாம், பட்டை தேய்ந்திருக்கலாம். மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான், அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை. உருண்டபோதுகூட உருண்டது தெரியவில்லை என்பதுதான் கொடுமை. பக்கத்தில் நின்ற லாரி முன்னால் போவது போலத் தெரிந்தது. ஓகோ, அவன் கிளம்பிவிட்டான் என்று நினைத்தார். அவன் கிளம்பவில்லை. இவர்தான் பின்னால் போய்க்கொண்டிருந்தார். கோணலாக நின்ற முன்வண்டி சரிவில் உருண்டதும் இன்னும் மடங்கி, சந்தின் ஒரு பக்கம் கதவு சாத்துவது போலச் சாத்திக்கொண்டது. அவர் மிதிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு சத்தம் வந்தது. அதைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை, இனியும் சொல்லமாட்டார். குதிக்கும்போது குமிழை இழுத்துவிட்டுக் குதித்தார். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. பாவி, அந்த இழுப்பைச் செய்யாமல் குதித்திருந்தாலாவது வந்து பார்த்தவன் எவனாவது சொல்லியிருப்பான், உள்ளே இருந்தது வெளியே இருந்தது என்று.

ஸ்டேஷனில் கேட்டார்கள், ஹேண்ட் பிரேக் போட்டிருந்தாயா என்று. போட்டேன் சார். மறுபடி கேட்டார்கள். போட்டேன் சார். இரண்டாவது தடவை முதல் தடவையைவிட எளிதாக இருந்தது, மூன்றாவது தடவை அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது. அப்படியானால் டிரைலர் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுக்காதது இறந்தவன் தப்பு என்று ஆகி, அதோடு முடிந்தது. கல். அதுதான் தொண்டையில் நிற்கிறது. டிரைலருக்கு அடியில் ஒரு கருங்கல், கம்பிக் கைப்பிடி போட்டுத் தொங்கும். தனியாக வந்தவன் அதை எடுத்துச் சக்கரத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டுத்தான் குழாயைத் தொடுவான். ஆனால் சீட்டில் ஆள் இருக்கும்போது கல்லைத் தொடக்கூடாது. யார் போட்ட சட்டமோ தெரியாது, எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லிக்கொடுப்பதில்லை, இந்தத் துறைமுகத்து டிரைவர் அத்தனை பேருக்கும் தெரியும். சீட்டில் பார்ட்னர் உட்கார்ந்திருக்கும்போது கல்லை எடுத்தால் என்ன அர்த்தம்? உன்னை நம்பவில்லை என்று அர்த்தம். ஒருவன் அப்படிப் போட்டுவிட்டான் என்று அவன் பார்ட்னர் ஒரு லோடு முழுக்க வாயைத் திறக்காமல் பெங்களூர் வரை ஓட்டிவிட்டு, இறங்கி வேறு வண்டிக்குப் போய்விட்டான். டீக்கடையில் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். கொம்பையாவும் சிரித்திருக்கிறார், தாவீதோடு சேர்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்திருக்கிறார். மரியாதைக்காகச் செத்தான் தாவீது. அடக்கத்தன்று அவன் மனைவி ஜெயராணி பெட்டியின் மேல் அடித்துக்கொண்டு கேட்டாள், "ஒரு கல்ல எடுத்துப் போட ஒங்களுக்கு என்ன கொள்ள போச்சு?" பெட்டிக்குள் இருந்தவனுக்குப் பதில் சொல்ல வாய் இல்லை. வாய் இருந்தவர் வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டார். அதற்குப் பிறகு திருச்செந்தூருக்குப் போய் மொட்டை போட்டார். கடலில் முழுகிவிட்டு வந்து நின்று முருகனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், மன்னிக்கச் சொல்லவில்லை, போட்டேனா இல்லையா, அதை மட்டும் சொல்லு. சந்நிதியில் நகரு நகரு என்று தள்ளிவிட்டார்கள்.

இப்போது கண்ணாடியில் ஆசீரின் முதுகு தெரிகிறது. தாவீதின் தம்பி. திருப்பூரில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன், அண்ணன் போன பிறகு ஊரோடு வந்துவிட்டான். டிரைலருக்குப் போகிறேன் என்றதும் ஜெயராணிதான் சொல்லியிருக்கிறாள், போனால் கொம்பையா அண்ணனோடு போ, அவிய ஒன்னையப் பாத்துக்கிடுவாவ என்று. அதை அவன் வந்து சிரித்துக்கொண்டே சொன்னபோது கொம்பையா முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். என்ன காரணம் சொல்லி முடியாது என்பது? எந்தக் காரணத்தைச் சொன்னாலும் அதன் வால் அந்த மத்தியானத்தில் போய் முடிகிறது. சரி வாடே என்றார். அண்ணனைப் போல ஒடிசல் இல்லை இவன், தோள் அகலம், இருந்தாலும் குனியும்போது கழுத்துக்குப் பின்னால் அந்த எலும்பு அதே மாதிரி துருத்துகிறது. அதைப் பார்க்காதே. குமிழைப் பார். வெளியே இருக்கிறது. கல்லை எடுலே, ஆசீரு. உள்ளுக்குள் மன்றாடினார். நீ கல்லைப் போட்டால் எனக்கு அவமானம், பரவாயில்லை, எனக்கு அவமானம் பண்ணு, ஊரெல்லாம் சொல்லிச் சிரி. ஆசீர் டிரைலரின் பக்கம் குனிந்தான். எடுக்கப்போகிறான். எடுத்துவிட்டான் என்றே தோன்றி ஒரு கணம் கொம்பையாவுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அவன் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தான். அதே நெருக்கம், அதே உப்பு நாற்றம், அவன் ஏறிச் சந்துக்குள் போய்விட்டான், இனிக் கண்ணாடியில் முழங்கை மட்டும்தான். கொம்பையா தலையை வெளியே நீட்டினார். என்ன கேட்கப்போகிறோம் என்று தெரியாமலே வாய் கேட்டது, "ஏல, கல்லு?"

சந்துக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. "எதுக்கு? அதான் சீட்ல நீங்க இருக்கியள்லா."

இருக்கிறேன், இருக்கிறேன், அதுதானே. இவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? தாவீதுதான் சொல்லியிருப்பான், கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தபோது உட்காரவைத்துப் பெருமையாகச் சொல்லியிருப்பான், கொம்பையா சீட்டில் இருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு சந்துக்குள் போவேன் என்று. மஞ்சள் குழாயை மாட்டிவிட்டான் போலிருக்கிறது, முழங்கை மேலே போய் இறங்கியது. அடுத்தது சிவப்பு. சிவப்பை மாட்டினால் டிரைலர் இளகும். குமிழ் வெளியே இருக்கிறது. வெளியே என்றால் பிரேக் போட்டது என்றுதானே அர்த்தம்? முப்பது வருசம் வண்டி ஓட்டியவனுக்கு வெளியே எது உள்ளே எது என்று சந்தேகம் வந்துவிட்டது. யாரிடம் போய்க் கேட்க? காலை மிதியின் மேல் இன்னும் அழுத்தினார், இந்தக் காலை நம்பலாமா, அன்றைக்கும் இந்தக் கால்தானே. அப்போது பக்கத்தில் நின்ற லாரி முன்னால் நகர்ந்தது. மெதுவாக, சத்தமில்லாமல், அதன் நீலக் கதவு அவருடைய ஜன்னலைத் தாண்டி முன்னால் போனது. ஐயோ. உருளுகிறோம். இரண்டு காலாலும் மிதித்தார், இடுப்பு சீட்டை விட்டு எழும்ப மிதித்தார், ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு தாவீது தாவீது என்று கத்தினார் அல்லது கத்தியதாக நினைத்தார், தொண்டையிலிருந்து வெறும் காற்றுத்தான் வந்தது. நீல லாரி ஹார்ன் அடித்துவிட்டு கேட்டைப் பார்த்துப் போயிற்று. இந்தத் தடவை அவன்தான் கிளம்பியிருக்கிறான். கொம்பையாவின் வண்டி இம்மியும் அசையவில்லை. கண்ணாடியில் அந்த முழங்கை அப்படியே இருந்தது. சட்டை முதுகோடு ஒட்டி, வாயெல்லாம் கசந்து, ஒரு பெரிய மனிதர் சின்னப் பிள்ளையைப் போல அழுதார். சிவப்பை மாட்டாதே என்று சொன்னார். இந்தத் தடவை குரல் வந்துவிட்டது.

இறங்கினார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, பிறகு வண்டியோடு வண்டியாகச் சாய்ந்தபடி பின்னால் நடந்தார். ஒவ்வொரு அடிக்கும் ஒரு நினைப்பு வந்து காலைப் பிடித்தது. இப்போது திரும்பிவிடலாம், வயிற்று வலி என்று சொல்லலாம், சிறுநீர் போக வந்தேன் என்று சொல்லலாம். சீட்டில் இருந்தவன் இறங்கி வந்து தானே கல் போடுவதை இந்த யார்டில் எவனும் பார்த்ததில்லை. அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. என்னை நானே நம்பவில்லை என்கிற அர்த்தம். இந்த வயதில் ஒரு காரணமும் இல்லாமல் ஒருவனுக்கு அந்த நினைப்பு வராது. கம்பியைப் பிடித்துக் கல்லை இறக்கினார். கருங்கல் வெயிலில் கிடந்த பாத்திரம் போலச் சுட்டது. டிரைலர் சக்கரத்துக்குப் பின்னால், சரிவு இருக்கிற பக்கம், உட்கார்ந்துகொண்டு உள்ளங்கையால் தள்ளித் தள்ளி முட்டுக் கொடுத்தார். ஒன்று போதாது என்று எங்கோ கிடந்த உடைந்த சிமெண்டுக் கட்டியையும் கொண்டுவந்து வைத்தார். நிமிர்ந்தபோது ஆசீர் எதிரே நின்றுகொண்டிருந்தான். சிரிப்பு இல்லை. கல்லைப் பார்த்தான், கட்டியைப் பார்த்தான், கொம்பையாவின் முகத்தைப் பார்த்தான். அவன் மனசுக்குள் ஒவ்வொன்றாக விளங்குவது முகத்தில் தெரிந்தது. கொம்பையா தலையைக் குனிந்துகொண்டார்.

"அன்னைக்கு நீங்க பிரேக்க போட்டியளா அண்ணாச்சி?"

"தெரியலடே."

"போலீஸ்ல போட்டேன்னுதான சொன்னிய?"

"சொன்னேன்."

ஆசீர் ஒரு எட்டு முன்னால் வந்தான். அடிப்பான் என்று கொம்பையா நினைத்தார், அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். அவன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, நீங்க போய் மாட்டுங்க, நான் சீட்ல இருக்கேன் என்றான். குரலில் கோபம் இல்லை, அண்ணாச்சியும் இல்லை. போய் ஏறிக்கொண்டான். அவ்வளவுதான், இனி யாரும் கொம்பையாவைச் சீட்டில் வைத்துவிட்டுச் சந்துக்குள் போகமாட்டார்கள். சாயங்காலத்துக்குள் ஜெயராணிக்குத் தெரிந்துவிடும். அவள் செத்தவனைத் திட்டுவதை நிறுத்திவிடுவாள், அந்தமட்டில் நல்லது. கொம்பையா வயிற்றை எக்கிக்கொண்டு சந்துக்குள் நுழைந்தார். முதுகில் கண்டெய்னரின் சூடு, நெஞ்சில் கேபினின் சூடு. வெளியில் இருந்த யார்டு ஒரு கோடு வெளிச்சமாகச் சுருங்கிவிட்டது. இங்கேதானா நின்றான், இவ்வளவு கிட்டத்திலா, இந்த இரும்பைப் பார்த்துக்கொண்டா? சிவப்புக் குழாயைக் கையில் எடுத்தார். மேலே ஆசீர் குமிழை உள்ளே தள்ளிவிட்டு மறுபடி இழுத்தான் போலிருக்கிறது, சீட் மாறி உட்காருகிறவன் தன் கையால் ஒரு தடவை போட்டுக்கொள்வது வழக்கம். கொம்பையாவின் காலடியில் புஸ்ஸென்று காற்று சீறியது. திடுக்கிட்டு ஒதுங்கினார். முன்வண்டியின் பின்னச்சுக்கு மேலே, சந்துக்கு நேர் கீழே, பிரேக் காற்று அங்கேதான் வெளியேறுகிறது. மண்ணைக் கிளப்பிக் கணுக்காலில் அடித்தது. கேபினுக்குள் ஃபேன் சத்தத்தில் கேட்டும் கேட்காமலும் போகிற அந்தச் சத்தம் இங்கே பாம்பு சீறுவது போலக் கேட்கிறது. செவிடனுக்குக்கூடக் காலில் தெரியும். கையில் குழாயோடு அப்படியே நின்றார்.

மேலேயிருந்து ஆசீர் சொன்னான், "போட்டாச்சு."

கொம்பையா போட்டாச்சா என்று கேட்கவே இல்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது, இங்கே நிற்பவனுக்குத்தான் காதில் விழுந்துவிடுகிறதே. பதினோரு வருசமும் தாவீதின் காதில் விழுந்திருக்கிறது. அதனால்தான் அவன் ஒருநாளும் கேட்டதில்லை. அந்த ஒருநாள் மட்டும் கேட்டான்.